அட்டையின் பின்பக்கத்தை வாசிப்போம்

குமரி மாவட்டத்தில் பூதப்பாண்டிக்கு மேலே மாறாமலை, கரும்பாறை எஸ்டேட்டுகளில் விளைகிற கிராம்புக்குப் புவிசார் குறியீடு உண்டு. மணத்திலும் எண்ணெய்ச் சத்திலும் பேர் வாங்கிய கிராம்பு அது. உணவுப் பொருள்களை 'ஆன்டிஆக்ஸிடன்ட்' பலத்தின்படி வரிசைப்படுத்தி அமெரிக்க வேளாண்மைத் துறை ஒரு பட்டியல் வைத்திருந்தது. 'ஓராக்' என்பது அந்த அளவீட்டின் பெயர். கிராம்பு அதில் உச்சிக்குப் பக்கத்தில் இருந்தது. 2012இல் அதே துறை அந்தப் பட்டியலைத் தன் இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டது. சோதனைக் குழாயில் கிடைத்த எண்ணுக்கும் மனித உடம்பில் நடப்பதற்கும் தொடர்பு இருப்பதாகக் காட்ட முடியவில்லை என்றும், அந்த எண்ணைக் காட்டிச் சத்து மாத்திரைக் கம்பெனிகள் வியாபாரம் செய்கின்றன என்றும் காரணம் சொன்னது.

சாயாக்கடை பெஞ்சில் அண்ணாச்சி ஒருவர் மாத்திரை அட்டையை நீட்டினார். "தம்பி, சுகருக்கு இது நல்லதுன்னு சொல்லுதாவ. உள்ளதா?" நான் அவருக்குப் பதிலைக் கிராம்பிலிருந்துதான் ஆரம்பித்தேன். இந்தக் கேள்வியில் தடுக்கி விழுகிற இடமே அதுதான். குழாயில் நடப்பது வேறு, உடம்பில் நடப்பது வேறு.

வீட்டில் வாழைத்தண்டை நறுக்கியதும் மோர்த் தண்ணீரில் போடுவார்கள். வெளியே கிடந்தால் காற்றின் ஆக்ஸிஜன் பட்டுக் கறுத்துவிடும். மோரின் புளிப்பு அதைத் தடுக்கிறது. ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை விற்பவர்கள் நம் மனத்தில் வரைகிற படம் ஏறத்தாழ இதுதான். உடம்பு உள்ளே கறுக்கிறது, மாத்திரை போட்டால் கறுக்காது. இந்தப் படத்தின் முதல் பாதி பொய்யல்ல. அதனால்தான் படித்தவர்களும் நம்பிவிடுகிறார்கள்.

நம் உடம்பின் பெரும்பாலான செல்கள், ரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடந்தாலும் வேண்டிய அளவை மட்டும் உள்ளே விடும். விழித்திரையின் நுண்ணிய ரத்தக்குழாய், சிறுநீரகம், நரம்பு ஆகிய இடங்களின் செல்களால் அப்படிக் கதவைச் சாத்த முடியாது. வெளியே எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு உள்ளேயும் ஏறும். செல்லுக்குள் சர்க்கரையை எரித்துச் சக்தி எடுக்கிற மைட்டோகாண்ட்ரியா, அளவு மீறி எரிக்கும்போது 'சூப்பராக்ஸைடு' என்ற துடிப்பான மூலக்கூறு கசிகிறது. அது அருகிலிருக்கும் புரதத்தையும் கொழுப்பையும் மரபுப்பொருளையும் தாக்கும். சர்க்கரை நோயில் கண்ணும் சிறுநீரகமும் காலும் ஏன் கெடுகின்றன என்பதற்கு இந்தக் கசிவுதான் பொது வேர் என்று நியூயார்க் விஞ்ஞானி மைக்கேல் பிரவுன்லீ 2001இல் விளக்கினார். இன்றும் மருத்துவ உலகம் மதிக்கிற விளக்கம் அது.

அப்படியானால் கசிவைத் துடைக்கிற வைட்டமின் இ, வைட்டமின் சி ஆகியவற்றை மாத்திரையாகக் கொடுத்தால் கண்ணும் சிறுநீரகமும் பிழைக்க வேண்டுமே? நியாயமான எதிர்பார்ப்புதான். ஆனால் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்.

அந்தப் பரிசோதனைகளில் பெரிய ஒன்றை நடத்தியவர் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர் என்றே சொல்லலாம். திருவனந்தபுரம் தாண்டினால் வருகிற கொட்டாரக்கரையில் பிறந்து, கனடாவில் இதய மருத்துவரான சலீம் யூசுஃப். 'ஹோப்' என்ற அந்த ஆய்வில் 19 நாடுகளைச் சேர்ந்த 9,000க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்களில் 3,654 பேர் சர்க்கரை நோயாளிகள். ஒரு சாராருக்குத் தினம் 400 யூனிட் வைட்டமின் இ. மறுசாராருக்குச் சத்தில்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்பது போடுகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிறவருக்கும் தெரியாது. நாலரை வருடம் கழித்துப் பார்த்தால் மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் இதய நோய் மரணத்திலும் வித்தியாசமே இல்லை. சர்க்கரை நோயாளிகளைத் தனியே எடுத்துப் பார்த்தபோது சிறுநீரகத்துக்கும் பலனில்லை. முடிவு வெளியானது 2000ஆம் ஆண்டு. பிறகு இன்னும் சில வருடம் தொடர்ந்து கவனித்ததில், வைட்டமின் இ போட்டவர்களுக்கு இதயம் பலவீனப்படுவது சற்றுக் கூடியிருந்தது. அது 2005இல் வெளிவந்தது.

எனக்கு இந்த ஆய்வில் மிகப் பிடித்தது இன்னொன்று. அதே ஆட்களில் இன்னொரு மாத்திரையையும் சோதித்தார்கள். ராமிப்ரில், ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கிற சாதாரண மாத்திரை. சர்க்கரை நோயாளிகளில் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ கால் பங்கு குறைந்தன. ஒரே ஆய்வு, ஒரே ஜனங்கள், ஒரே கணக்கு. கேட்பதற்கு அழகான கதை இருந்த மாத்திரை ஒன்றும் செய்யவில்லை. எந்தக் கவர்ச்சியும் இல்லாத மாத்திரை உயிரைக் காத்தது.

அண்ணாச்சி கட்டன்சாயாவை ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கேட்டார்: "நல்லது பண்ணாட்டியும் போட்டும். கெடுதி ஒண்ணும் பண்ணாதுல்லா?"

நம்மில் முக்கால்வாசிப் பேர் இந்த எண்ணத்தில்தான் வாங்குகிறோம். சத்து மாத்திரைதானே என்கிற எண்ணம். ஆன்டிஆக்ஸிடன்ட் என்று விற்கிற காப்ஸ்யூல் பலவற்றில் செலினியம் இருக்கும். தோல் புற்றுநோயைத் தடுக்குமா என்று பார்க்க அமெரிக்காவில் தினம் 200 மைக்ரோகிராம் செலினியம் கொடுத்துச் சோதித்தார்கள். அதில் பங்கேற்றவர்களில் தொடக்கத்தில் சர்க்கரை நோய் இல்லாத 1,202 பேரைப் பின்னால் கணக்கெடுத்தபோது, வெறும் மாத்திரை போட்டவர்களில் 39 பேருக்குப் புதிதாகச் சர்க்கரை நோய் வந்திருந்தது. செலினியம் போட்டவர்களில் 58 பேருக்கு. 2007இல் வெளியான முடிவு இது. சர்க்கரைக்கு நல்லது என்று வாங்குகிற டப்பாவுக்குள் சர்க்கரையைக் கூட்டக்கூடிய ஒன்று இருக்கலாம் என்பதை யாரும் கவுண்டரில் சொல்வதில்லை. பின்லாந்தில் புகைபிடிக்கிற 29,000 ஆண்களை வைத்து நடந்த ஆய்வில் பீட்டா கரோட்டின் மாத்திரை நுரையீரல் புற்றுநோயைக் குறைக்காமல் கூட்டிவிட்டது, 1994. பீடி, சிகரெட் பழக்கமுள்ளவர்கள் இந்த ஒரு வரியைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும்.

ஏன் இப்படி ஆகிறது? இரண்டு காரணம் சொல்கிறார்கள். ஒன்று, வைட்டமின் இ-யின் ஒரு மூலக்கூறு ஒரு துடிப்பு மூலக்கூறை அணைத்துவிட்டுத் தானும் தீர்ந்துபோகும். கசிவோ நிமிடந்தோறும் நடந்துகொண்டே இருக்கிறது. உடம்பு இதற்கென்று வைத்திருக்கிற நொதிகள் மட்டுமே அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கக்கூடியவை. ரத்தத்தில் சர்க்கரையைக் குறைத்தால் கசிவு ஊற்றுக்கண்ணிலேயே குறையும். அதற்கு மெட்ஃபார்மின் இருக்கிறது, நடை இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. அந்தத் துடிப்பு மூலக்கூறுகள் முழுக்க எதிரிகள் அல்ல. வேகமாக நடக்கும்போது தசையில் அவை கொஞ்சம் கூடும். அந்தச் சிறு கூடுதலைத் தகவலாக எடுத்துக்கொண்டுதான் உடம்பு தன் சொந்தப் பாதுகாப்பைப் பலப்படுத்துகிறது, இன்சுலினுக்கு நன்றாகச் செவிசாய்க்கப் பழகுகிறது. ஜெர்மனியின் யேனா பல்கலைக்கழகத்தில் மிக்கேல் ரிஸ்டோ குழுவினர் இளைஞர்களுக்கு நான்கு வாரம் உடற்பயிற்சி கொடுத்தார்கள். பாதிப்பேருக்குத் தினம் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் 400 யூனிட் வைட்டமின் இ-யும் சேர்த்துக் கொடுத்தார்கள். மாத்திரை போடாதவர்களுக்கு இன்சுலின் வேலை செய்யும் திறன் கூடியது. போட்டவர்களுக்கு அந்த நன்மை வரவில்லை. 2009இல் வந்த சின்ன ஆய்வு இது; பிறகு வந்த எல்லா ஆய்வும் இதே முடிவைச் சொல்லவில்லை. ஆனாலும் காலையில் பழையாற்றங்கரையில் முக்கால் மணி நேரம் நடந்துவிட்டு வந்து வைட்டமின் மாத்திரையை விழுங்குகிறவரைப் பார்த்தால் எனக்கு மனது கேட்பதில்லை. நடையின் பலனை அவரே கழித்துக்கொள்கிறாரோ என்று தோன்றும்.

அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டியும் இதைத்தான் சொல்கிறது. வைட்டமின் இ, சி, கரோட்டின் மாத்திரைகளைச் சர்க்கரை நோயாளிகளுக்கு வழக்கமாகக் கொடுக்க வேண்டாம். பலனுக்குச் சான்று இல்லை, நீண்ட காலப் பாதுகாப்பிலும் கவலை இருக்கிறது.

இனி அண்ணாச்சியின் அட்டைக்கு வருவோம். அதைத் திருப்பி இருவரும் சேர்ந்து வாசித்தோம். ஆல்பா லிபோயிக் ஆசிட் 100 மில்லிகிராம், மெத்தில்கோபாலமின் 1,500 மைக்ரோகிராம், ஃபோலிக் ஆசிட், பி6. மருந்துக் கடைகளில் 'நரம்பு மாத்திரை' என்று கேட்டால் கிடைக்கிற வழக்கமான கூட்டு. உணவுச் சத்துப் பிரிவில் விற்கிற டப்பாக்களாக இருந்தால் 14 இலக்க உரிம எண்ணும், 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற வரியும் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கும். முன்பக்கத்தில் சுகர், இதயம், நரம்பு என்று பெரிதாகப் போட்டிருந்தாலும் சட்டப்படி அச்சடித்தே ஆகவேண்டிய வரி அது. நோய்க்கு மருந்து என்று அந்த டப்பாவே உரிமை கோரவில்லை என்று அர்த்தம்.

ஆல்பா லிபோயிக் ஆசிட் மற்றதைப் போல வெறும் ஏமாற்றம் அல்ல, அதற்கு நியாயம் செய்ய வேண்டும். சர்க்கரையால் கால் எரிச்சல், குத்தல் உள்ளவர்களுக்குத் தினம் 600 மில்லிகிராம் கொடுத்த ஆய்வில் ஐந்து வாரத்தில் உபாதை குறைந்தது. ஆனால் அதே அளவை நான்கு வருடம் கொடுத்துப் பார்த்து 2011இல் வெளியான பெரிய ஆய்வு, தன் முதன்மை இலக்கை எட்டவில்லை. அட்டையில் இருப்பதோ 100. மிக அபூர்வமாகச் சிலருக்கு இது இன்சுலினுக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தூண்டிவிட்டு, சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடுவதும் பதிவாகியிருக்கிறது. டாக்டர் எரிச்சலுக்கு என்று எழுதிக் கொடுத்தால் போடலாம். சர்க்கரையைக் குறைக்கும் என்று நாமே வாங்கிப் போட வேண்டாம்.

அந்த அட்டையில் அண்ணாச்சிக்கு உண்மையிலேயே தேவைப்பட்டிருக்கக்கூடியது இரண்டாவது வரியில் இருந்தது. அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. மெத்தில்கோபாலமின் என்பது பி12 வைட்டமின். ஆன்டிஆக்ஸிடன்ட் என்று அதை யாரும் விளம்பரம் செய்வதில்லை. மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் போடுகிறவர்களுக்குக் குடல் பி12-ஐ உறிஞ்சுவது குறையும். பி12 குறைந்தாலும் கால் மரக்கும், எரியும். சர்க்கரையால்தான் என்று எல்லாரும் நினைத்துவிடுவார்கள்.

"எத்தன வருசமா மெட்ஃபார்மின் போடுதீங்க?"

"பேரன் பொறக்கதுக்கு முந்தியே உண்டும். அவன் இப்ப காலேஜ் போறான்."

"பி12 பாத்திருக்கீங்களா?"

"அப்படி ஒண்ணு இருக்கதே இப்பதான் கேக்கேன்."

ஒரு ரத்தப் பரிசோதனை. குறைவாக இருந்தால் தகுந்த அளவில் மாத்திரையோ ஊசியோ. மருத்துவம் என்று நான் மதிப்பது இதைத்தான்: குறை இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் நிரப்புவது. மெட்ஃபார்மினை நிறுத்திவிடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொன்னேன், ஏனென்றால் ஒரு குறை கேட்டதும் மாத்திரையைத் தூக்கிப் போடுகிறவர்கள் இங்கே அதிகம். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. காசு கொடுத்து வாங்காததால் அதன் மதிப்பு குறைந்துவிடாது.

"அப்போ கிராம்பைச் சாயாவுல தட்டிப் போட்டாப் போருமா?" என்றார்.

"தாராளமாப் போடுங்க அண்ணாச்சி, வாசமா இருக்கும். சுகர் மாத்திரைக்குப் பதிலா மட்டும் போடாதீங்க."

சாப்பாட்டில் வருகிற ஆன்டிஆக்ஸிடன்ட் பற்றி எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. முருங்கைக்கீரைத் துவரன், நெல்லிக்காய், அவியலில் விழுகிற காய்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. அங்கே அது நாரோடும் நூறு விஷயத்தோடும் சேர்ந்து, உடம்பு தாங்குகிற அளவில் வருகிறது. நாஞ்சில் நாட்டுச் சாப்பாட்டின் சிக்கல் வேறு. குவித்துப் போட்ட சோறு, சாயங்காலம் மரச்சீனி, நடுவில் ஏத்தம்பழம். சோற்றில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் துவரனையும் பயறையும் வைத்தால் ரத்தத்துக்குள் ஏறுகிற சர்க்கரையே குறைகிறது. கசிவும் குறைகிறது.

இதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. டாக்டர் அம்பாடி ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோய் வரும் விளிம்பில் நின்ற 531 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2006இல் வெளியிட்டார்கள். ஒன்றும் செய்யாமல் இருந்தவர்களில் மூன்று வருடத்தில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் நோயாளியானார்கள். தினம் அரைமணி நேரமாவது நடந்து, சோற்றையும் எண்ணெயையும் சர்க்கரையையும் குறைத்தவர்களில் அந்த ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் போட்டவர்களிலும் ஏறத்தாழ அவ்வளவே. நம் ஆட்கள், நம் சோறு, நம் தெரு. இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் சொன்னது. அத்தனை பேருக்கும் எட்டுகிற வழி இது.

வைட்டமின் சி பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. கையில் ஒட்டிக்கொண்டு சர்க்கரை பார்க்கிற சென்சார் சில வகைகளில், தினம் 500 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி போட்டால் அளவு தப்பாகக் கூட்டிக் காட்டும். அதை நம்பி இன்சுலினைக் கூட்டினால் ஆபத்து. எந்தச் சத்து மாத்திரை போட்டாலும் டாக்டரிடம் அட்டையோடு காட்டுங்கள், பெயரை வாயால் சொன்னால் போதாது.

அண்ணாச்சி எழுந்திருக்கும்போது செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைக் காட்டச் சொன்னேன். எரிச்சலுக்குத்தான் அவர் மாத்திரை தேடி அலைந்தார். எனக்குப் பயம் எரிச்சலில் இல்லை, உணர்ச்சி போவதில். பங்குனி வெயிலில் கோயில் பிராகாரக் கல்லில் வெறுங்காலோடு சுற்றுவார்கள். உணர்ச்சி குறைந்த காலுக்குச் சூடு தெரியாது, வீட்டுக்கு வந்து பார்த்தால் கொப்புளம் நிற்கும். காலையிலோ அந்திக்கோ சாமி கும்பிடப் போங்கள். வயலுக்குப் போனால் செருப்பைக் கழற்றாதீர்கள். ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் மைனியையோ பேரனையோ பார்க்கச் சொல்லுங்கள். சின்னப் புண் தெரிந்தாலும் மஞ்சளைப் பூசிக்கொண்டு நாலு நாள் பார்ப்போம் என்று இருக்காமல், மறுநாள் காலையிலேயே பூதப்பாண்டி அரசு ஆஸ்பத்திரிக்கோ ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கோ போய்விடுங்கள்.