உழைப்புக்குக் கூலியா... சேலைக்குக் கூலியா?

செமஸ்டர் பேப்பர்ல விடை தப்பு. ஆனா ஸ்டெப்ஸ் எல்லாம் கரெக்ட். மார்க் உண்டா, இல்லையா? 'ஸ்டெப் மார்க் போடுங்க சார்'னு சண்டைக்கே போயிடுவோம்ல? ஸ்டெப் மார்க்கே இல்லாத ஒரு பரீட்சையை ஆரணியில தினமும் எழுதுறாங்க, ஃப்ரெண்ட்ஸ்!

திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணிப் பட்டு, புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. தறி பெரும்பாலும் நெசவாளர் வீட்டில்தான் இருக்கும். பட்டு நூலும் ஜரிகையும் முதலாளியிடமிருந்தோ, கூட்டுறவுச் சங்கத்திடமிருந்தோ வரும். கூலி, நெய்த சேலைக்கு இவ்வளவு என்ற கணக்கு. சுருக்கமா, பீஸ் ரேட்!

கணக்கில் வராத நாட்கள்

சேலை என்றால் நெய்வது மட்டுமா? புதுப் பாவின் இழைகளைப் பழைய பாவின் இழைகளோடு ஒவ்வொன்றாகப் பிணைக்கணும். ஊடைக்குத் தார் சுற்றணும். இழை அறுந்தால் நிறுத்தி முடிச்சுப் போடணும். மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் குழித்தறி மக்கர் பண்ணும்.

ஒரு கற்பனைக் கணக்கு. சேலைக்கு 4,000 ரூபாய் கூலி, நெய்ய 8 நாள். அப்போ நாளுக்கு 500. சூப்பர்! ஆனா ஒரு பாவில் 3 சேலை, அதற்கு 24 நாள். பிணைக்க 2 நாள், அடுத்த நூல் வரும்வரை சும்மா 6 நாள். மொத்தம் 32 நாளுக்கு 12,000. நாளுக்கு 375தான்! வீட்டில் தார் சுற்றிக் கொடுத்தவருக்கும் இதே காசில்தான் பங்கு.

அப்போ பீஸ் ரேட் வில்லனா?

அப்படியும் சொல்லிட முடியாது. அமெரிக்காவில் சேஃப்லைட் என்ற கார் கண்ணாடி கம்பெனி, 1994, 95-ல் மணிக்கணக்குச் சம்பளத்தை விட்டு, மாட்டிய கண்ணாடிக்கு இவ்வளவு என்று மாறியது. எட்வர்ட் லாஸியர் என்ற பொருளாதார நிபுணர் ஆராய்ந்தார். ஆளுக்கு ஆகும் வேலை 44 சதவிகிதம் எகிறியிருந்தது! ஆனால் ஒரு விஷயம். வேலை குறைந்தாலும் பழைய மணிக்கூலி அளவுக்குக் கம்பெனி உத்தரவாதம் கொடுத்திருந்தது. கீழே வலை கட்டிவிட்டுத்தான் 'ஓடு'ன்னாங்க!

வலை இல்லாம ஓடினா? பீஸ் ரேட்டில் உழைப்பவர்கள் அளவுக்கு மீறி உழைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்வார்கள் என்று ஆடம் ஸ்மித் 1776-லேயே எழுதிவிட்டார். தறிக்குழியில் காலை விட்டு நாள் முழுக்க உட்காரும் முதுகுக்கு அது புரியும்.

சரி, நாளுக்கு இவ்வளவுன்னு நேரத்துக்கே கொடுத்துடலாமா? வீட்டில் நடக்கிற வேலைக்கு யார் மணி பார்ப்பது? வேகமா, நேர்த்தியா நெய்பவருக்கும் அரைமனசா நெய்பவருக்கும் ஒரே காசு என்றால் அதுவும் அநியாயம்தானே!

ரிஸ்க் யார் தலையில்?

பிரிட்டனில் ஒரு ஐடியா வைத்திருக்கிறார்கள். சராசரித் தொழிலாளி மணிக்கு எத்தனை பீஸ் செய்கிறார் என்று சோதித்து, அதை 1.2-ஆல் வகுக்கணும். அந்த வேகத்துக்கே குறைந்தபட்சக் கூலி கிடைக்கிற மாதிரி ரேட் வைக்கணும். மணிக்கு 12 பீஸ் சராசரி என்றால், 10 செய்பவருக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு. நம் நாட்டிலும் 1948 குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. நேரத்துக்கு மட்டும் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்த தொழிலில், பீஸ் ரேட் ஆளுக்கும் அதற்குக் குறையக் கூடாது. 2019 ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. வீட்டில் நெய்பவர் 'தொழிலாளி'யா, தனியாகத் தொழில் செய்பவரா என்பதில்தான் சிக்கல்!

நம்ம கட்சி இதுதான். கை நேர்த்தி நெசவாளர் கையில் இருக்கு, அதற்குச் சேலைக் கூலி ஓகே. நூல் வருவது, டிசைன் மாறுவது, சேலை விற்பது எல்லாம் அவர் கையிலா இருக்கு? அந்தக் காத்திருப்புக்கும் பாவு பிணைப்புக்கும் நாள் கூலியைக் கொடுப்பவர்தான் தரணும். கன்ட்ரோல் யார் கையிலோ, ரிஸ்க்கும் அவர் தலையிலே!

இது பட்டோடு முடியிற விஷயமில்ல. ஆர்டருக்கு இவ்வளவு என்று பைக்கில் பறக்கும் டெலிவரி நண்பனுக்கும் இதே கேள்விதான். நாளைக்கு நம்ம ஆஃபர் லெட்டரில் 'வேரியபிள் பே' என்று ஒரு வரி வரும். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி கேளுங்க... அந்த ரிசல்ட் நிஜமாவே என் கையிலதான் இருக்கா?