கூவாகத்தில் எடுத்த முப்பது விநாடி

சித்திரைப் பௌர்ணமிக்கு மறுநாள் காலை. உளுந்தூர்பேட்டை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. கூவாகம் இந்த வட்டத்துக்குள்தான் இருக்கிறது. அதனால் கடையில் பேச்சு முழுக்கக் கூத்தாண்டவர் கோயில்தான். ராத்திரி எத்தனை கூட்டம், தேர் எத்தனை மணிக்கு, போலீஸ் எங்கே வண்டியை மறித்தது.

பெஞ்சில் பக்கத்தில் இருந்த தம்பி போனை என் பக்கம் நீட்டினார். அவரே எடுத்த முப்பது விநாடி வீடியோ. பூசாரி கையால் தாலி கட்டிக்கொண்டு திரும்புகிற ஒரு திருநங்கை, தலை நிறையக் கனகாம்பரம். கேமராவை அவர் பார்க்கவில்லை. டியூப்லைட் வெளிச்சத்தில் முகம் மட்டும் அப்படியே தெளிவாக விழுந்திருந்தது.

"ஸ்டேட்டஸ்ல போட்டேன் சார். ரெண்டு குரூப்புலயும் போட்டேன். செம ரீச்சு."

"அவங்ககிட்ட கேட்டீங்களா தம்பி?"

தம்பி சிரித்தார். பதில் சொன்னது டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்கார அண்ணன். "என்ன சார், ஊரே பாக்க நடந்து போறாங்க. தேரையுந்தான் எடுக்கிறோம், தேர்கிட்ட கேட்டுட்டா எடுக்கிறோம்?"

கடையில் சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் கேள்வி சரியான கேள்வி. பொது இடத்தில் நிற்கிற ஆளுக்கு அந்தரங்கம் என்று ஒன்று மிச்சம் இருக்கிறதா? இன்னொரு டீ சொல்லிவிட்டு ஆரம்பித்தேன்.

கூவாகத்துக்கு வருகிறவர்கள் யார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கூத்தாண்டவர் என்கிற அரவானுக்குப் பாரதப் போரில் பலிக்கு முந்தின நாள் கல்யாணம். மோகினியாக வந்த கிருஷ்ணன்தான் மணப்பெண். அந்தக் கதையைத் தங்கள் கதையாக எடுத்துக்கொண்டு திருநங்கைகள் பௌர்ணமி இரவு தாலி கட்டிக்கொள்கிறார்கள், மறுநாள் அழுகளத்தில் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப் புடவை உடுத்துகிறார்கள். இது ஊருக்கே தெரியும். நாம் அவ்வளவாக யோசிக்காதது அதற்கடுத்த நாளை. வருஷம் முழுக்கப் பெண்ணாகவே வாழ்கிறவர்கள் ஒரு பகுதி. வீட்டுக்குத் தெரியாமல் வந்து, பேன்ட் சட்டைக்கு மாறி, பஸ் ஏறி, திங்கட்கிழமை வேலைக்குப் போகிறவர்கள் இன்னொரு பகுதி. அவர்களுக்கு அந்த வயல்வெளிதான் வருஷத்தில் ஒரே ஒரு ராத்திரி கிடைக்கிற வீடு.

"அங்கே ஆயிரம் பேர் பார்த்தார்களே என்றால், பார்த்தவர்களெல்லாம் அங்கே இருந்தவர்கள். யார் பார்க்கிறார்கள் என்று அவருக்கும் தெரியும். அங்கே இல்லாத ஒரு ஆளிடம், அவருடைய அப்பாவிடமே என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்த முகத்தைக் கொண்டுபோய்க் காட்டுவது உங்கள் போன்."

அண்ணன் ஆற்றுவதை நிறுத்தினார். "அவங்க அப்பனுக்கு எப்படி சார் போகும்? பேரே தெரியாதே."

பேர் வேண்டியதில்லை என்பதுதான் இதில் புரிந்துகொள்ளச் சிரமமான இடம். வாட்ஸ்அப்பில் ஒரு குழுவிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஒரு ஆள் போதும். அது போகட்டும், மனிதர்களே தேவையில்லாத வழிகளும் இருக்கின்றன. கிளியர்வியூ என்ற அமெரிக்க நிறுவனம் ஃபேஸ்புக் முதலிய தளங்களில் கிடந்த படங்களை 300 கோடிக்கு மேல் அள்ளி, ஒரு முகத்தைக் கொடுத்தால் அந்த ஆளின் மற்ற படங்களைத் தேடிக் கொடுக்கும் கருவி செய்து போலீஸுக்கு விற்றது. 2020 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் எழுதித்தான் உலகத்துக்கே தெரிந்தது. ஃபேஸ்புக் தன் பங்குக்குப் படத்தில் இருப்பது யார் என்று தானே கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தது. 2021 நவம்பரில்தான் அதை மூடுவதாக அறிவித்து, சேர்த்துவைத்திருந்த 100 கோடிக்கும் மேற்பட்ட முகப் பதிவுகளை அழிப்பதாகச் சொன்னது. முகம் என்பது இன்றைக்குக் கட்டைவிரல் ரேகை மாதிரி. ரேகையைப் பதிக்க நம் கையைப் பிடிக்க வேண்டும். முகத்துக்கு அதுகூட வேண்டாம்.

தம்பிக்கு இதில் நம்பிக்கை வரவில்லை. "நம்ம செட்டிங்ஸ்ல எல்லாம் லாக் போட்டிருந்தா?"

பூட்டு நல்லதுதான், போடத்தான் வேண்டும். வாட்ஸ்அப்பில் யார் நம்மைக் குழுவில் சேர்க்கலாம் என்று நாமே தீர்மானிக்கிற வசதி 2019-இல் வந்தது. அதை 'என் தொடர்புகள்' என்று மாற்றாமல் வைத்திருப்பவர்கள் இன்னும் ஏராளம். ஆனால் நம் பூட்டு நம் வீட்டுக்குத்தான். அடுத்தவன் போனில் இருக்கும் நம் படத்துக்கு நம்மிடம் சாவி கிடையாது. படம்கூட வேண்டாம், வெறும் எண்ணே போதும். ஒருவர் தன் போனில் உள்ள தொடர்புகள் அத்தனையையும் ஃபேஸ்புக்குக்குக் கொடுத்துவிட்டால், அதில் உள்ள நம் எண்ணும் போய்ச் சேர்கிறது. நாம் கணக்கே தொடங்காதிருந்தாலும் சரி. 'உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருக்கலாம்' என்று அது நீட்டுகிற பட்டியல் இப்படித்தான் பின்னப்படுகிறது. வேறு பெயர், வேறு மின்னஞ்சல் என்று எல்லாம் மறைத்து வாழ்ந்த பாலியல் தொழிலாளர்களின் நிஜக் கணக்கை அந்தப் பட்டியல் அவர்களுடைய வாடிக்கையாளர்களுக்கே காட்டிக்கொடுத்த கதை 2017-இல் வெளியானது. கூவாகத்தில் ஒரு தோழியிடம் எண்ணைக் கொடுத்த ஒருவருக்கும் ஊரில் உள்ள அவர் சித்தப்பாவுக்கும் நடுவே அப்படி ஒரு கோடு இழுக்கப்படாது என்பதற்கு யார் உத்தரவாதம்?

"சரி சார், சட்டம் என்ன சொல்லுது?" என்றார் அண்ணன். வடை எடுக்க வந்த பெரியவர் ஒருவரும் நின்றுவிட்டார்.

2014 ஏப்ரல் 15-ஆம் தேதி நால்சா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒருவர் தன் பாலினத்தைத் தானே சொல்லிக்கொள்ளும் உரிமையை ஏற்றது. 2017 ஆகஸ்ட் 24-இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அதில் நம் அண்ணன் கேள்விக்கே பதில் இருக்கிறது: பொது இடத்துக்கு வந்துவிட்டார் என்பதால் மட்டும் ஒருவர் அந்தரங்கத்தை இழந்துவிடுவதில்லை, அது இடத்தோடு ஒட்டியதல்ல, ஆளோடு ஒட்டியது. தேருக்கு அந்தரங்கம் இல்லை. தேர் பார்க்க வந்தவருக்கு உண்டு.

இதைக் கேட்டு உடனே போலீஸுக்குப் போகலாமா என்றால், அங்கேதான் சறுக்கல். 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறுவனங்களைக் கட்டுகிற சட்டம். ஒரு தனி ஆள் தன் சொந்தக் காரியத்துக்காகச் செய்வதைத் தொடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு உடலின் அந்தரங்க உறுப்புகளைப் படம் எடுப்பதற்கு, முகத்துக்கல்ல. ஆக, தம்பியின் முப்பது விநாடிக்கு நேரடியாகப் பொருந்துகிற பிரிவை நான் காட்ட முடியவில்லை. தம்பி முகம் கொஞ்சம் மலர்ந்தது. குற்றமில்லை என்பது வேறு, சரி என்பது வேறு என்று சொல்ல வாய் வரை வந்தது. டீக்கடையில் அது எடுபடாது, விட்டுவிட்டேன்.

அதற்குப் பதிலாக, ஒருவரின் அடையாளம் போலீஸ் கையிலிருந்தே நழுவிய கதையைச் சொன்னேன். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளான மாணவியின் அடையாளத்தோடு முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்து, கை மாறி ஊரெல்லாம் சுற்றியது. சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது. கசியவிட்டது யார் என்று ஆயிரம் பேசினோம். அதை ஃபார்வர்டு செய்த விரல்களைப் பற்றிப் பேச்சே இல்லை.

"நான் கெட்ட எண்ணத்துல எடுக்கல சார்," என்றார் தம்பி. "அழகா இருந்தாங்க, அதான்."

அதை நம்புகிறேன். அழகாகத்தான் இருந்தார். அதனால்தான் கேட்டிருக்கலாம். கூவாகத்தில் கேமராவுக்குச் சந்தோஷமாக நின்று போஸ் கொடுக்கிற திருநங்கைகள் எத்தனையோ பேர். கேட்டால் இன்னும் நல்ல படமே கிடைத்திருக்கும். வேண்டாம் என்று கையை ஆட்டியிருந்தால் அதுவும் பதில்தான்.

"இப்ப என்ன பண்றது?"

ஸ்டேட்டஸை முதலில் எடுக்கச் சொன்னேன். பிறகு குழுக்கள். வாட்ஸ்அப்பில் 'எல்லோருக்கும் அழி' என்பது அனுப்பி இரண்டு நாளுக்குச் சற்று மேல் வரை வேலை செய்யும். ராத்திரி அனுப்பியதுதான் என்பதால் நேரம் இருந்தது. கிரிக்கெட் குரூப், ஒரு அழுத்து. சொந்தக்காரர்கள் குரூப், இன்னொரு அழுத்து. அங்கே தம்பி நிமிர்ந்து பார்த்தார்.

"மச்சான் துபாய்ல இருக்காரு சார். ஹார்ட் போட்டிருக்காரு."

"என்ன போன்?"

"ஐபோன்."

ஐபோனில் படங்கள் தானாகவே கேலரியில் சேமிக்கிற மாதிரி வைத்திருந்தால், இங்கே அழித்தாலும் அங்கே கிடக்கும். கூப்பிட்டுச் சொல்ல வேண்டியதுதான் என்றேன்.

தம்பி கூப்பிட்டார். கடைக்கார அண்ணன் பாய்லர் மூடியைச் சாத்திவிட்டு, அங்கே இப்போது மணி என்ன இருக்கும் என்று கேட்டார். இங்கே ஏழரை, ஒன்றரை மணி நேரம் கழித்தால் ஆறு. போன் அடித்துக்கொண்டே இருந்தது.