முதுகலை மாணவர் சங்கத்துக்கு நிதி திரட்டுவது எப்படி?



நம்மில் பலர் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே பகுதி நேரமாக முதுகலை, முனைவர் பட்டப் படிப்பையும் தொடர்கிறோம். மலாயாப் பல்கலைக்கழகம், தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் என்று எங்கே படித்தாலும், ஒரு முதுகலை மாணவர் சங்கம் அமைப்பது பெரிய வேலை இல்லை. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரையும் ஒரே மாலையில் தேர்ந்தெடுத்துவிடலாம். அடுத்த கூட்டத்தில்தான் கேள்வி எழும்: "சரி, பணத்துக்கு என்ன பண்றது?"

இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட்டால் நட்டம் யாருக்கு என்று பாருங்கள். ஓர் ஆசிரியர் தன் வகுப்பறை அனுபவத்தை ஆய்வுக்கட்டுரையாக எழுதுகிறார். மாநாட்டுக் குழு அதை ஏற்றுக்கொள்கிறது. பதிவுக் கட்டணம், பயணம், தங்குமிடம் மூன்றையும் கூட்டிப் பார்த்தபின் "அடுத்த வருசம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறார். அந்தக் கட்டுரை கணினியிலேயே கிடக்கும். அவர் கண்டுபிடித்த ஒரு நல்ல கற்பித்தல் உத்தி பக்கத்துப் பள்ளிக்குக்கூடப் போய்ச் சேராது. சங்கத்தின் நிதி இந்த இடைவெளியை நிரப்பத்தான்.

எதற்குப் பணம் என்று முதலில் எழுதுங்கள்

"சங்க வளர்ச்சிக்கு நிதி தாருங்கள்" என்று கேட்டால், "பார்க்கலாம்" என்ற பதில்தான் வரும். எதற்கு, எவ்வளவு, எப்போது என்று சொன்னால், கேட்பவர் அங்கேயே முடிவெடுப்பார். ஒரு மாதிரிக் கணக்கு இதோ. முப்பது உறுப்பினர்கள் உள்ள ஒரு சங்கம், ஆண்டுக்கு ஒரு பயிலரங்கும் மூன்று பேரின் மாநாட்டுப் பதிவும் திட்டமிடுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

- பயிலரங்கப் பேச்சாளருக்கு: 500 ரிங்கிட்
- நாற்பது பேருக்கு உணவு, ஆளுக்கு 15 ரிங்கிட்: 600 ரிங்கிட்
- அச்சு, சான்றிதழ்: 200 ரிங்கிட்
- மூவரின் மாநாட்டுப் பதிவு, தலா 350 ரிங்கிட்: 1,050 ரிங்கிட்
- எதிர்பாராச் செலவு: 150 ரிங்கிட்

மொத்தம் 2,500 ரிங்கிட். மண்டபத்தைப் புலத்திடம் இலவசமாகக் கேட்கலாம். அதனால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இனி வரவு. உறுப்பினர் சந்தா ஆளுக்கு 20 ரிங்கிட் என்றால் 600. பயிலரங்கக் கட்டணம் 15 ரிங்கிட் வீதம் நாற்பது பேருக்கு இன்னொரு 600. உணவுச் செலவு அதிலேயே அடிபட்டுவிடும். மீதி 1,300 ரிங்கிட்டுக்குத்தான் வெளியே கை நீட்ட வேண்டும். "2,500 வேணும்" என்று மலைத்து உட்கார்ந்தவர்களுக்கு, இப்படிப் பிரித்துக் காட்டினாலே பாதி பாரம் இறங்கிவிடும்.

முறுக்கு விற்பதா, முன்னாள் மாணவரை அழைப்பதா?

நிதி என்றதும் நமக்கு உடனே தோன்றுவது தீபாவளிப் பலகாரம், உணவுக் கூப்பன், கார் கழுவுதல். தவறில்லை. ஆனால் உழைப்பையும் கணக்குப் பாருங்கள். ஒரு டப்பா முறுக்கில் 5 ரிங்கிட் லாபம் என்றால், 1,300 ரிங்கிட்டுக்கு 260 டப்பா விற்க வேண்டும். சுடுவது, அடைப்பது, கொண்டுபோய்க் கொடுப்பது, பாக்கி வசூலிப்பது எல்லாம் நம் தலையில்தான். அதுவும் எஸ்.பி.எம். மாணவர்களுக்குக் கூடுதல் வகுப்பு நடத்தும் மாதங்களில்!

அதே 1,300 ரிங்கிட், இருபத்தாறு முன்னாள் மாணவர்கள் தலா 50 ரிங்கிட் கொடுத்தால் சேர்ந்துவிடும். அவர்கள் இன்று தலைமையாசிரியர்களாக, விரிவுரையாளர்களாக, சொந்தத் தொழில் செய்பவர்களாக இருப்பார்கள். அதே துறையில் படித்தவர்கள் என்பதால் நம் தேவையை நீட்டி விளக்க வேண்டியதில்லை. பலருக்குக் கொடுக்க மனம் இருக்கும். யாரும் போய்க் கேட்டிருக்கமாட்டார்கள்.

வாட்ஸ்அப் குழுவில் ஒரே செய்தியை எல்லாருக்கும் தட்டிவிட்டால் யாரும் தன்னைக் கேட்டதாக நினைப்பதில்லை. ஒவ்வொருவரையும் தனியாக அழைத்துப் பேசுங்கள். பிறகு ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள். இப்படி எழுதலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா, நம் துறையின் முதுகலை மாணவர் மூவர் இவ்வாண்டு மாநாட்டில் கட்டுரை படைக்கவிருக்கிறார்கள். ஒருவருக்கான பதிவுக் கட்டணம் 350 ரிங்கிட். தாங்கள் 50 ரிங்கிட் வழங்கினால், இன்னும் அறுவரின் உதவியோடு ஓர் ஆசிரியரின் கட்டுரை அரங்கேறும். நிகழ்ச்சி முடிந்த முப்பது நாளில் வரவு செலவு அறிக்கையைத் தங்களுக்கு அனுப்பிவைப்போம்."

பணமாகத் தர இயலாதவர்கள் வேறு வகையில் உதவலாம். அச்சகம் வைத்திருப்பவர் சான்றிதழ் அச்சிட்டுத் தரலாம், அனுபவமுள்ள விரிவுரையாளர் சன்மானம் வாங்காமல் பேசலாம். இவற்றையும் நன்கொடையாகவே எழுதி நன்றி சொல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கை. நாம் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் மாணவர்களின் பெற்றோரிடம் நம் படிப்புக்காகப் பணம் கேட்கக் கூடாது. அவர்களால் "முடியாது" என்று சொல்ல முடியாது. அதனாலேயே அது நன்கொடை ஆகாது.

அனுமதி முதலில், வசூல் பிறகு

அரசுப் பல்கலைக்கழக மாணவர் அமைப்புகளை 1971ஆம் ஆண்டின் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம் கட்டுப்படுத்துகிறது. மாணவர் அமைப்புகள் பணம் திரட்டுவதற்கு அதில் நெடுங்காலம் தடை இருந்தது. பின்னர் வந்த திருத்தம் அந்தப் பிடியைத் தளர்த்தியது. அதற்காக இஷ்டப்படி வசூலிக்கலாம் என்று பொருள் இல்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனி விதிமுறை உண்டு. மாணவர் விவகாரப் பிரிவுக்குக் கடிதம் எழுதி, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். வீடு வீடாகவோ தெருவிலோ வசூலிக்க 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் தேவை. உண்டியலோடு கிளம்பிவிடாதீர்கள்.

நிறுவனங்களிடம் கேட்கும்போது "வரிக் கழிவு உண்டா?" என்று கேட்பார்கள். 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால்தான் அது கிடைக்கும். சிறிய மாணவர் சங்கத்துக்கு அந்த அங்கீகாரம் பொதுவாக இருக்காது. பல்கலைக்கழகத்தின் நன்கொடைப் பிரிவுக்கு இருக்கிறதா, அதன் வழியாகப் பணத்தைப் பெறலாமா என்று விசாரித்துக்கொண்டு பிறகு நிறுவனத்தின் கதவைத் தட்டுங்கள்.

கணக்குதான் அடுத்த ஆண்டின் நிதி

பொருளாளரின் சொந்த வங்கிக் கணக்கில் ஒரு காசுகூட விழக்கூடாது. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. பல்கலைக்கழகம் அனுமதிக்கும் கணக்கையே பயன்படுத்துங்கள். ஒவ்வொரு செலவுக்கும் இருவர் கையெழுத்து, ஒவ்வொரு வரவுக்கும் ரசீது. நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு பக்க அறிக்கை: எவ்வளவு வந்தது, எதற்குப் போனது, மீதி எவ்வளவு. கூடவே மாநாட்டில் கட்டுரை படைத்த ஆசிரியரின் படம், கட்டுரைத் தலைப்பு. மிச்சம் 12 ரிங்கிட் என்றாலும் எழுதுங்கள். அந்த 12 ரிங்கிட்டைப் பார்த்துத்தான் அடுத்த ஆண்டும் 50 தருவார்.

இந்த வழி நமக்குப் புதிதல்ல. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்த காலம். அங்கே அமையவிருந்த இந்திய ஆய்வியல் துறையில் தமிழுக்கு முதன்மை வேண்டும் என்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி குரல் கொடுத்தார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதியும் திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். பல்கலைக்கழகத்துக்குத் தமிழ் நூல்கள் வேண்டும் என்ற நோக்கம் எல்லாருக்கும் புரிந்தது, தொகையும் சாதாரண மக்களால் கொடுக்க முடிந்த தொகை. 1956இல் துறை தொடங்கியது. பின்னர் கோலாலம்பூருக்கு வந்து, இன்றும் நம் ஆசிரியர்கள் பலர் படிக்கும் துறை அது. பல்கலைக்கழக வாசலையே மிதித்திராத பலர் கொடுத்த வெள்ளியில் வாங்கிய நூல்களுக்குப் பின்னால் வந்தவர்கள் நாம்.

உங்கள் சங்கத்தின் மாநாடு நவம்பரில் என்றால், ஜூன் மாதத்துக்குள் வரவு செலவுத் திட்டம் தயாராகட்டும். ஜூலையில் அனுமதிக் கடிதம், ஆகஸ்டில் முன்னாள் மாணவர் பட்டியலும் அழைப்புகளும். இந்த வாரக் கூட்டத்தில் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள்: ஒவ்வோர் உறுப்பினரும் தமக்குத் தெரிந்த மூன்று முன்னாள் மாணவர்களின் பெயரை எழுதிக் கொடுக்கட்டும். முப்பது பேர் எழுதினால் தொண்ணூறு பெயர். நமக்கு வேண்டியது இருபத்தாறு.