நெஞ்செரிச்சலுக்கு ஆபரேஷன்: எந்த முறை, யாருக்கு?

இரவு பத்து மணிக்குக் கடையை அடைத்து, கணக்கை முடித்து, பத்தரைக்கு வயிறு முட்டச் சாப்பிட்டு, கை காய்வதற்குள் பாயில் சாய்வது நம் வணிகர்களின் வழக்கம். இடுப்பில் இறுக்கிய அகலமான பச்சை பெல்ட் வேறு. நடுச்சாமத்தில் நெஞ்சு எரிகிறது. புளித்த தண்ணீர் தொண்டைக்கு ஏறுகிறது. காலையில் கல்லாப்பெட்டி அருகில் இருக்கும் ஜெலுசில் பாட்டிலில் இரண்டு மடக்கு. கூமாப்பட்டியிலும் வத்திராயிருப்பிலும் இப்படிப் பத்து வருடம் ஓட்டியவர்கள் உண்டு. அவர்களில் சிலருக்கு இப்போது டாக்டர்கள் ஆபரேஷன் சொல்கிறார்கள். "அண்ணாச்சி, எந்த ஆபரேஷன் நல்லது?" என்று நம்மிடம் கேட்கிறார்கள். நாம் டாக்டர் அல்ல. ஆனால் நமக்கும் அந்தக் கேள்வி வந்து, நாலு இடம் விசாரித்ததால் எழுதுகிறோம்.

முதலில் ஒரு எச்சரிக்கை. நெஞ்சில் அழுத்தம், வேர்வை, இடது கையிலோ தாடையிலோ வலி என்றால் அது 'கேஸ்' என்று சோடா குடித்துக்கொண்டு கடையில் உட்காரக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி. எடுத்துவிட வேண்டும்.

உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. மூட்டையின் வாயைக் கட்டிய சணல் மாதிரி. அது தளர்ந்தால் அமிலம் மேலே வருகிறது. சிலருக்கு இரைப்பையின் மேல்பகுதியே உதரவிதானத்தின் துவாரம் வழியாக நெஞ்சுக்குள் ஏறிவிடும். அதை ஹயாட்டஸ் ஹெர்னியா என்கிறார்கள்.

இதற்கு வழி கண்டவர் ருடால்ஃப் நிஸ்ஸன் என்ற ஜெர்மன் சர்ஜன். விஞ்ஞானி ஐன்ஸ்டீனுக்கு 1948-ல் வயிற்று ரத்தக்குழாயில் ஆபரேஷன் செய்தவரும் இவரே. இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயின் அடியில் துண்டு சுற்றுவதுபோல் முழுவதும் சுற்றித் தைக்கும் முறையை 1956-ல் வெளியிட்டார். அமிலத்தை நன்றாகத் தடுக்கிறது. ஆனால் முடிச்சு இறுகிவிட்டால் சோறு இறங்கச் சிரமம். ஏப்பம் வராது, வாந்தி எடுக்க வராது, வயிறு உப்பும். இதனால்தான் பிரான்சில் டோர் என்பவர் 1962-ல் முன்பக்கம் மட்டும் பாதியளவு சுற்றும் முறையையும், டூப்பே என்பவர் 1963-ல் பின்பக்கமாகப் பகுதியளவு சுற்றும் முறையையும் கொண்டுவந்தார்கள். உணவுக்குழாயின் தள்ளும் சக்தி குறைந்தவர்களுக்கு முழுச் சுற்று ஒத்துவராது. பாதிச் சுற்று போதும் என்பார்கள். டூப்பே முறை அமிலத்தைத் தடுப்பதில் நிஸ்ஸன் முறைக்கு அதிகம் பின்தங்குவதில்லை. விழுங்கும் தொந்தரவு குறைவு.

வயிற்றைக் கிழிக்காமல் துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி வந்தபின் நிலைமை மாறியது. பம்பாயில் டாக்டர் டெஹெம்டன் உத்வாடியா 1990-ல் அந்த முறையில் பித்தப்பையை எடுத்துக் காட்டினார். 1991 முதல் நிஸ்ஸன் ஆபரேஷனையும் வெளிநாட்டில் துளை வழியாகவே செய்தார்கள். நம் தமிழ்நாட்டில் இந்தக் கலைக்கு முன்னோடி கோவை டாக்டர் சி. பழனிவேலு. ஓரிரு நாளில் வீட்டுக்கு வரலாம். அதற்காக மறுநாளே அரிசி மூட்டைக்குத் தோள் கொடுத்துவிடக் கூடாது. சில வாரம் கனம் தூக்கவே கூடாது. கஞ்சி, கூழ் என்றுதான் சாப்பாடு ஆரம்பிக்கும்.

புதிதாகக் காந்த மணிகளைக் கோத்த வளையம் ஒன்று உண்டு. 2012-ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. உணவு வந்தால் மணிகள் விலகும், பிறகு சேர்ந்துகொள்ளும். ஏப்பம் வரும். ஆனால் உள்ளே காந்தம் இருப்பதால் எம்.ஆர்.ஐ. எடுப்பதில் கட்டுப்பாடு உண்டு. உடல் மிகப் பருத்தவர்களுக்கு இரைப்பை பைபாஸ் ஆபரேஷன் எடையையும் எரிச்சலையும் சேர்த்துக் குறைக்கும். இரைப்பையைக் குழாய்போல் குறுக்கும் ஸ்லீவ் ஆபரேஷனோ எரிச்சலைக் கூட்டிவிடக்கூடும். எடைக்காகப் போகிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சரி, மாத்திரையா ஆபரேஷனா? மாத்திரையில் குணம் தெரிந்த 554 பேரை ஐரோப்பாவில் இரண்டாகப் பிரித்து 5 வருடம் கவனித்து, 2011-ல் முடிவு வெளியிட்டார்கள். மாத்திரைக்காரர்களில் 92 சதவீதமும் ஆபரேஷன்காரர்களில் 85 சதவீதமும் நன்றாக இருந்தார்கள். ஸ்வீடனில் லேப்ராஸ்கோப்பி செய்துகொண்ட 2,655 பேரில் 17.7 சதவீதம் பேருக்கு எரிச்சல் திரும்பியது. பெரும்பாலானோர் மறுபடி மாத்திரைக்கே போனார்கள்.

நம்மை யோசிக்க வைத்தது 2019-ல் வந்த அமெரிக்கக் கணக்கு. மாத்திரைக்கு அடங்காத எரிச்சல் என்று அனுப்பப்பட்ட 366 முன்னாள் படைவீரர்களில், 42 பேருக்கு ஓமிப்ரசோலை முறைப்படி இரண்டு வாரம் கொடுத்ததிலேயே எரிச்சல் அடங்கிவிட்டது. முறைப்படி என்றால் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு. நம்மில் எத்தனை பேர் சாப்பிட்ட பிறகு அதை விழுங்குகிறோம்! இன்னும் 99 பேருக்கு அமிலமே காரணமில்லை. உண்மையிலேயே அமிலம்தான் என்று உறுதியான 78 பேரைப் பிரித்துப் பார்த்ததில், ஆபரேஷன் செய்தவர்களில் 67 சதவீதம் பேருக்குக் குணம். கூடுதல் மருந்து சாப்பிட்டவர்களில் 28 சதவீதம் பேருக்குத்தான். அதாவது சரியான ஆளுக்கு ஆபரேஷன் நல்ல சரக்கு. தவறான ஆளுக்கு நஷ்டம்.

சரியான ஆளா என்று சொல்வது மூன்று பரிசோதனை: எண்டோஸ்கோப்பி, 24 மணி நேர அமில அளவு, உணவுக்குழாய் அழுத்தம் பார்க்கும் மேனோமெட்ரி. நமக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் எண்டோஸ்கோப்பி மட்டும் பார்த்துவிட்டு, "அடுத்த திங்கட்கிழமை வாருங்கள்" என்று ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். வேறொரு டாக்டரிடம் மற்ற இரண்டையும் பார்த்தபின், மாத்திரை நேரத்தை மாற்றி, இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குக் கொண்டுவரச் சொன்னார். எட்டு மணிக்குச் சாப்பாடு கடைக்கே வருகிறது. பெல்ட்டையும் இரண்டு துளை தளர்த்தியாயிற்று. கட்டிலின் தலைமாட்டுக்கு இரண்டு செங்கல் வைத்திருக்கிறோம். ஆபரேஷன் இன்றுவரை தேவைப்படவில்லை. அதே டாக்டரிடம் பெரிய ஹெர்னியாவோடு போன நம் சங்க நண்பருக்கோ மூன்று பரிசோதனையும் பார்த்து டூப்பே முறையில் செய்தார்கள். அவர் இப்போது படுத்துத் தூங்குகிறார். முன்பு சாய்வு நாற்காலியில்தான் இரவைக் கழித்தார்.