பாக்டீரியா தரும் கப்பல் பெயிண்ட்: சிக்கல் மருந்தில் இல்லை

எங்க அம்பத்தூர் எஸ்டேட்ல பவுடர் கோட்டிங் பட்டறைகள் நிறைய. அங்கே நல்ல பூச்சு என்றால் ஒட்டிக்கிட்டு அசையாம இருக்கணும். கப்பலின் அடிப்பாகத்துக்குப் பூசுகிற பாசி தடுப்பு பெயிண்ட் அதுக்கு நேர் எதிர். அது கரையணும், ஆனா கணக்கா கரையணும்.

கடல்நீரில் எதை முக்கினாலும் சில மணி நேரத்தில் பாக்டீரியா படலம் படியும். பிறகு பாசி, அப்புறம் கொட்டலசு என்கிற பார்னக்கிள். அதன் கடைசிக் கட்ட இளம் உயிரி எதையும் தின்னாது. இடம் தேடி, பரப்பின் மேல் நடந்து பார்த்து, பிடித்திருந்தால் பசை போட்டு ஆயுளுக்கும் உட்கார்ந்துவிடும். கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குக் கடல்நீர் கொண்டுவரும் சுமார் 468 மீட்டர் சுரங்கத்தில் பச்சைச் சிப்பிகள் இப்படித்தான் குடியேறின. அங்கே குளோரின் கலந்து சமாளிக்கலாம். ஓடுகிற கப்பலுக்கு அது முடியாது.

கப்பலுக்கு வந்த மருந்து டிபிடி என்ற வெள்ளீயச் சேர்மம். 1970களின் கடைசியில் பிரான்சின் ஆர்காஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பே சரிந்தது. பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்தது. 2001ல் சர்வதேசத் தடை ஒப்பந்தம் உருவாகி, 2008ல் அமலுக்கு வந்தது. இப்போது பெரும்பாலும் தாமிரம்தான். அதுவும் துறைமுகச் சேற்றில் சேர்கிறது.

பாக்டீரியா பக்கம் ஆய்வாளர்கள் திரும்பியது இதனால்தான். கடல்வாழ் உயிர்களின் உடம்பு ஏன் சுத்தமாக இருக்கிறது என்று தேடியபோது, சுவீடன் கடலின் ஒரு கடற்குடுவையின் மேலிருந்து சூடோஆல்டரோமோனாஸ் டியூனிகேட்டா கிடைத்தது. பார்னக்கிள் இளம் உயிரிகளையும் பாசி வித்துகளையும் தடுக்கும் பொருட்களை அது சுரக்கிறது. ஹாங்காங்கில் பெய்-யுவான் சியான் குழு, கடல் ஸ்ட்ரெப்டோமைசிஸ் தரும் சேர்மங்களிலிருந்து பியூட்டனோலைடு என்ற சின்ன மூலக்கூறுக்கு வந்து சேர்ந்தது. அது கொல்வதில்லை, உட்கார விடுவதில்லை. நல்ல நீருக்கு மாற்றினால் இளம் உயிரி பழையபடி ஒட்டுகிறது. எனக்கு இதுதான் பிடித்தது. எளிய மூலக்கூறு என்பதால் பாக்டீரியா வளர்க்காமலே ஆலையில் செய்யலாம்.

அப்போ ஏன் இன்னும் எல்லாக் கப்பலிலும் இல்லை? டிபிடி, பெயிண்ட்டின் பாலிமரோடு வேதிப்பிணைப்பில் இருந்தது. கடல்நீர் அந்தப் பிணைப்பை மெதுவாக அறுக்க, மேல்தோல் உரிந்து புதுப்பரப்பு வந்துகொண்டே இருந்தது. ஐந்து வருஷம் கூட ஓடியது. பாக்டீரியாச் சேர்மத்தைச் சும்மா பெயிண்ட்டில் கலந்தால் முதல் சில வாரங்களில் பெரும்பகுதி வெளியேறிவிடும். அதனால் தானே சிதையும் பாலிமரில் அடைப்பது, நுண்குமிழிக்குள் பொதிவது என்று வேலை நடக்கிறது. குளிர்கடலில் நின்ற பூச்சு நம்ம வெதுவெதுப்பான கடலில் நிற்கும் என்றும் சொல்ல முடியாது. இங்கே வருஷம் முழுக்க ஏதாவது ஒன்று ஒட்டத் தயாராக இருக்கும்.

இன்னொன்று. பாக்டீரியா தந்தது என்பதாலேயே சாது ஆகிவிடாது. ஐவர்மெக்டினின் மூலமும் ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ்தான். அதையும் பெயிண்ட்டில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், பார்னக்கிள் சாகிறது. ஆனால் இறாலும் நண்டும் அதே கூட்டத்து உயிர்கள். ஆகவே இந்தத் துறைக் கட்டுரை எதைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது இரண்டு: பலகையை எத்தனை மாதம் கடலில் தொங்கவிட்டார்கள், வெளியேறிய பொருள் எத்தனை நாளில் சிதைந்தது.