வடைச்சட்டி எண்ணெயும் நமது லாரியும்



"பலகாரம் சுட்ட பழைய எண்ணெயை ஊற்றி டீசல் லாரி ஓட்டலாமாமே, உண்மையா?" என்று நமது மண்டிக்கு வரும் கடைக்காரர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். டீசல் விற்கிற விலையில் இந்தக் கேள்வி எழுவதில் வியப்பில்லை. இதற்குப் பதில் சொல்ல நமக்குத் தகுதி உண்டு. ஏனென்றால் ஒருமுறை ஊற்றிப் பார்த்து, கையைச் சுட்டுக் கொண்டவர்கள் நாம்.

2013ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து டீசல் விலையை மாதம் ஐம்பது காசு வீதம் ஏற்றி வந்தது பலருக்கு நினைவிருக்கும். அப்போது நம்மிடம் ஒரு பழைய மினி லாரி இருந்தது. தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் கடைகளுக்குச் சரக்கு இறக்கிவிட்டு, வாரம் இருமுறை குமுளி வரை போய் வரும். நமது மைத்துனர் கம்பத்தில் சிப்ஸ் கடை வைத்திருந்தார். ஐயப்ப சீசனில் அவர் கடையில் டின் டின்னாகப் பழைய பாமாயில் மிஞ்சும். அதை வேட்டித் துணியில் வடிகட்டி, டீசலோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினோம்.

முதல் பதினைந்து நாள் வண்டி நன்றாகவே ஓடியது. புகையில் சிப்ஸ் வாசம் வருகிறது என்று வழியில் எல்லோரும் சிரித்தார்கள். மிச்சப்படும் பணத்தை எண்ணி நாமும் சிரித்தோம். மார்கழி மாதம் ஓர் அதிகாலை, வெங்காயமும் பருப்பும் ஏற்றிய வண்டி லோயர்கேம்ப் தாண்டி மலைப்பாதையில் ஏறும்போது இழுக்கவில்லை. மூன்றாவது வளைவில் அப்படியே நின்றுவிட்டது. பின்னால் பக்தர்களின் வாகனங்கள் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. கிளீனர் பையன் சக்கரத்துக்குக் கல் வைத்ததால் வண்டி பின்னால் உருளவில்லை. இறைவன் அருளால் உயிர்ச்சேதம் இல்லை.

பில்டரைக் கழற்றினால் உள்ளே நெய் உறைந்தது போல் பாமாயில் உறைந்திருந்தது. நாசில் முழுவதும் கரி. என்ஜின் ஆயில் களி போல் ஆகியிருந்தது. மெக்கானிக் நம்மைப் பார்த்து, "முதலாளி, வடை சுட்ட எண்ணெயைக் கொடுத்தா வண்டி வடையா சுடும்? கரிதான் சுடும்" என்றார். பம்ப், நாசில், பிஸ்டன் ரிங் வேலைக்குக் கொடுத்த பணம், மிச்சம் பிடித்ததைப் போல் பல மடங்கு.

ஏன் அப்படி ஆயிற்று?

டீசல் என்ஜினைக் கண்டுபிடித்தவர் ருடால்ப் டீசல் என்ற ஜெர்மானியர். 1900ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில் அவர் முறைப்படி செய்யப்பட்ட ஒரு சிறு என்ஜின் கடலை எண்ணெயிலேயே ஓடியது. ஆகவே எண்ணெயில் ஓடும் என்பது பொய்யன்று. ஆனால் தாவர எண்ணெய் டீசலைவிடச் சுமார் பத்து மடங்கு கெட்டியானது. நாசில் அதைப் பனி போல் தூவ முடியாமல் துளித்துளியாக விடும். அது முழுதும் எரியாமல் கரியாகப் படியும், மிச்சம் கீழே இறங்கி என்ஜின் ஆயிலைக் கெடுக்கும். பலகாரம் சுட்ட எண்ணெயில் உப்பு, மாவு, தண்ணீர் வேறு. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டிகளின் பம்பும் நாசிலும் இன்னும் நுட்பமானவை. அவற்றில் இந்தப் பரிசோதனையே கூடாது.

இதற்குச் சரியான வழி எண்ணெயைப் பயோடீசலாக மாற்றுவது. நூறு கிலோ எண்ணெயுடன் சுமார் பத்துக் கிலோ மெத்தனாலும் சிறிது காரமும் சேர்த்துச் சூடாக்கினால், ஏறக்குறைய நூறு கிலோ பயோடீசலும் பத்துக் கிலோ கிளிசரினும் பிரியும். கெட்டித்தன்மை குறைந்து டீசலோடு கலக்கும். இதைக் கேட்டு யாரும் கொல்லைப்புறத்தில் அடுப்பு மூட்டிவிட வேண்டாம். மெத்தனால் கொடிய விஷம், எளிதில் தீப்பிடிப்பது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பலி வாங்கிய விஷச் சாராயத்தில் இருந்ததும் இதுதான். இது உரிமம் பெற்ற ஆலைகளின் வேலை.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஆகஸ்ட் 10ஆம் தேதி, உலக உயிரி எரிபொருள் நாளன்று, பழைய சமையல் எண்ணெயைச் சேகரித்துப் பயோடீசலாக்கும் "ரூகோ" திட்டத்தைத் தொடங்கியது. எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது உண்டாகும் கெட்ட பொருட்கள் (துருவச் சேர்மங்கள்) நூற்றுக்கு 25 பங்குக்கு மேல் போனால் அதில் சமைக்கக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் விதி. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்க உபயோகிக்கும் கடைகள் கணக்கு எழுதி, பழைய எண்ணெயை அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடமே கொடுக்க வேண்டும். இது 2019 மார்ச் முதல். டீசலில் நூற்றுக்கு ஐந்து பங்கு பயோடீசல் கலக்க வேண்டும் என்பதும், 2030ஐ அதற்கு இலக்காக வைத்திருப்பதும் மத்திய அரசின் 2018 கொள்கை. ஆக, நமது வடைச்சட்டி எண்ணெய் லாரிக்குப் போகலாம். ஆனால் ஆலை வழியாகத்தான் போக வேண்டும்.

ஒரு ரூபாய் கூடக் கொடுப்பவர் யார்?

இதெல்லாம் தெரிந்த பிறகு நடந்த ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்கிறோம். மைத்துனர் கடை எண்ணெயையும், நம்மிடம் டின் வாங்கும் நாலைந்து ஓட்டல்களின் எண்ணெயையும் சேர்த்து அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுத்து வந்தோம். ஒருநாள் புதிதாக ஒருவர் வந்தார். "அவர் கொடுப்பதைவிடக் கூடுதலாகத் தருகிறேன், ரொக்கம், பில் வேண்டாம்" என்றார். வியாபாரிக்குக் கூடுதல் விலை கசக்குமா? சரி சொல்ல வாயெடுத்தோம். அப்போது அவர், "மூடியோடு காலி டின் இருந்தால் அதையும் எடுத்துக் கொள்கிறேன், லேபிள் கிழியாமல் இருக்கட்டும்" என்றார்.

பயோடீசல் ஆலைக்கு லேபிள் கிழியாத கம்பெனி டின் எதற்கு? சுருக்கென்று தைத்தது. அந்த எண்ணெய் போகப்போவது லாரிக்கு அல்ல. தெளிய வைத்து, புது எண்ணெயோடு கலந்து, நாம் விற்ற அதே டின்னில் அடைத்து, மறுபடி வண்டிக்கடைக்கும் மலிவு விலை கேட்கும் மளிகைக் கடைக்கும் வரும். வீரபாண்டித் திருவிழாவில் நமது பேரப்பிள்ளைகள் வாங்கித் தின்னும் பஜ்ஜியிலும் அது இருக்கும். இரத்தக் கொதிப்பு, இருதய நோய், ஈரல் கோளாறு என்று இதன் விளைவுகளை ஆணையமே எச்சரித்திருக்கிறது. வந்தவரைத் திருப்பி அனுப்பினோம். அதற்கு முன் எத்தனை காலி டின்களைக் கேள்வி கேட்காமல் விற்றோம் என்று நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது.

கழிவுக்கு நியாயமான விலைக்கு மேல் ஒருவர் கொடுத்தால், அந்தக் கூடுதல் பணம் யாரோ ஒருவர் வயிற்றிலிருந்து வருகிறது. இதுவே நாம் கற்ற பாடம்.

நாம் செய்யக் கூடியவை

பழைய எண்ணெயைத் தனி டிரம்மில் ஊற்றி மூடி வையுங்கள். தண்ணீர் சேர விடாதீர்கள். சாக்கடையில் ஊற்றினால் அடைப்பு, வாய்க்காலில் ஊற்றினால் முல்லையாற்றுக்குக் கேடு. சேகரிப்பாளரிடம் அங்கீகாரச் சான்றைப் பார்த்து, எடை போட்டு, ரசீது வாங்குங்கள். காலி டின்னை ஓட்டை போட்டுத்தான் பழைய இரும்புக்குப் போடுங்கள். பில் இல்லாமல் மலிவாக வரும் எண்ணெயை வாங்காதீர்கள். மாநில அரசு விலக்கு அளித்தாலன்றி, அடைக்காத எண்ணெயைச் சில்லறையாக அளந்து விற்பதற்கு 2011ஆம் ஆண்டு விதிகளில் தடை இருப்பதையும் மறக்க வேண்டாம்.

ஒரு டீக்கடையில் வாரம் ஒரு டின்தான் மிஞ்சும். அதற்காகச் சேகரிப்பாளர் வண்டி வராது. ஆகவே தேனி, போடி, சின்னமனூர், கம்பம் கிளைச் சங்கங்கள் மாதம் ஒருநாள் குறித்து, ஓரிடத்தில் டிரம் வைத்து, சிறு கடைகளின் எண்ணெயைச் சேர்த்துக் கொடுத்தால் வண்டி தானே வரும். வரும் பணத்தை அந்தந்தக் கடைக்காரருக்கே பிரித்துக் கொடுக்கலாம். அடுத்த செயற்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர நாம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். முதல் டிரம்மை நமது மண்டி வாசலிலேயே வைக்கத் தயாராக இருக்கிறோம்.