பற்றீரியா மணிக்கூட்டை நம்பலாமா?

எருக்கலம்பிட்டியிலிருந்து உயர்தர உயிரியல் மாணவி ஒருவர் எழுதியிருக்கிறார்: "கிணற்றுத் தண்ணீரில் நஞ்சு இருக்கிறதா என்று பற்றீரியாவை வைத்தே பார்க்கலாமாமே சேர், அதை எவ்வளவு தூரம் நம்பலாம்?" பார்க்கலாம். ஆர்செனிக் இருந்தால் அமிலத்தன்மையை மாற்றிக் காட்டும் ஈ.கோலை பற்றீரியாவை எடின்பரோ மாணவர்கள் 2006இலேயே வடிவமைத்தார்கள். நம்பலாமா என்பதற்குத்தான் கொஞ்சம் சுற்றிவளைக்க வேண்டும்.

ஜீன் புரதமாகும் கதை பாடப்புத்தகத்தில் இருக்கிறது. எனக்குப் பிடித்தது, 2000ஆம் ஆண்டில் மைக்கேல் எலோவிட்சும் ஸ்டானிஸ்லாஸ் லீப்லரும் பிரின்ஸ்டனில் ஈ.கோலைக்குள் பூட்டிய மணிக்கூடு. மூன்று ஜீன்கள். முதலாவதின் புரதம் இரண்டாவதை அடக்கும், இரண்டாவது மூன்றாவதை, மூன்றாவது திரும்ப முதலாவதை. எதுவும் நிலைத்து ஆள முடியாது. சுற்றுவது கண்ணில் படுவதற்கு ஜெலிமீனின் பச்சைப் புரதம். நம் வலைக்காரர் சொறி என்று ஏசி உதறுகிற கூட்டம்தான். கலம் ஒளிரும், மங்கும், மறுபடி ஒளிரும். ஒரு சுற்றுக்கு இரண்டரை மணித்தியாலம் பிடிக்கும்.

ஆனால் 40 வீதமளவு கலங்களில்தான் அது ஓடியது. ஒரே தாய்க்கலத்தில் பிரிந்த இரண்டும்கூட வேறு வேறு நேரம் காட்டின.

2016இல் ஹார்வர்டில் யோஹான் போல்சன் குழு அதைத் திருத்திய விதம் அலாதியானது. புரதங்கள் சீக்கிரம் சிதையட்டும் என்று முதல் வடிவத்தில் அவற்றுக்கு ஒரு வால் ஒட்டியிருந்தார்கள். அந்த வாலைப் பிடித்துச் சிதைக்கும் நொதி கலத்தில் கொஞ்சம்தான். பச்சைப் புரதமும் சேர்ந்து அதற்கு முண்டியடித்தது. போல்சன் குழு வாலை வெட்டிவிட்டது. கலம் வளர்ந்து பிரியப் பிரியப் புரதம் தானாக ஐதாகியது. ஓர் அடக்கிப் புரதம் வந்து ஒட்டிக்கிடக்க உபரி டி.என்.ஏ. இடங்களையும் வைத்தார்கள், ஒன்றிரண்டு மூலக்கூறு கூடிக் குறைந்தாலும் சுற்று குழம்பவில்லை. கலங்கள் ஒன்றோடொன்று பேசாமலே குடுவை முழுவதும் சேர்ந்து ஒளிர்ந்தது.

இன்னொரு வில்லங்கம் உண்டு. இப்படிப் பூட்டும் எந்தச் செயற்கை ஜீன் சுற்றும் கலத்துக்குச் சுமை. மன்னாரில் பொதிகழுதைகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். பொதியைச் சரித்துவிட்ட கழுதைதான் முந்தி ஓடும். விகாரத்தால் சுற்றைத் தொலைத்த கலமும் அப்படியே வேகமாகப் பெருகும், கடைசியில் குடுவை அதன் வாரிசுகளுக்குச் சொந்தமாகிவிடும். "நோய் தின்னும் பற்றீரியா" என்று தலைப்பிடும் பத்திரிகைகள் எத்தனை தலைமுறை தின்றது என்று கேட்பதேயில்லை. நாங்களும் வகுப்பில் சுற்றுப்படத்தின் அம்புக்குறிகளுக்குப் புள்ளி போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம்.

கிணற்றுச் சோதனைக்குச் சுற்று சில மணித்தியாலம் தாக்குப்பிடித்தால் போதும், பிள்ளை. ஒவ்வொரு முறையும் புதுக் கலங்களைப் போத்தலில் எடுத்து, பார்த்து, கொன்று கழிக்கலாம். கிணற்றுக்குள்ளேயே வாழவிட்டு மாதக்கணக்கில் அதன் சொல்லை நம்புவதற்கு நான் இப்போதைக்குச் சம்மதிக்க மாட்டேன்.